செல்வியக்காவின் இரண்டு திரைகள்

கையை நீட்டித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள் இசக்கிசெல்வி. பரோட்டாக் கடைச் சுவரில் தொங்கும் டிவியோ, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கும் போனோ, எதுவானாலும் சரி, அதில் ஒரு முகம் வந்து நின்றால் இவளுடைய வலது கை தானாக நீண்டுவிடும். வளையலை மேலே ஏற்றிவிட்டு, தன் கையின் தோலையும் திரையில் தெரியும் தோலையும் மாறி மாறிப் பார்ப்பாள். "நீலம் ஏறிக் கெடக்கு" என்பாள். இல்லாவிட்டால், "மஞ்சக்காமாலை வந்தவ மாதிரில்லா இருக்கா, பாவம்" என்பாள். பக்கத்து சீட்டுக்காரர் போனை மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்ததும் உண்டு.

வயது நாற்பத்தொன்று. முத்தையாபுரத்தில் மாடி வீடு. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுகிறார். மகள் வேல்விழி பதினொன்றாம் வகுப்பு. இவளுக்குத் தொழில், கல்யாண வீடியோ எடிட்டிங். படம் பிடிப்பவர்கள் ஸ்டுடியோக்காரர்கள். தங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் போட்டுக்கொள்பவர்களும் அவர்கள்தான். பத்து மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்த்து, வெட்டி, ஒட்டி, நிறம் சேர்த்து, மனிதர் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பவள் செல்வியக்கா. ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவளைவிட மூத்த சிலர்கூட. பத்து வருடமாக இந்த ஊர்க் கல்யாணங்கள் எத்தனையோ இவள் கண் வழியாகப் போயிருக்கின்றன. எந்த மாமியார் தாலி கட்டும் நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், எந்த மாப்பிள்ளை யாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். "நம்மள நம்பில்லா கேமரா கார்டைக் குடுத்திருக்காவ" என்பாள்.

அவள் வேலை செய்யும் அறையைப் பார்க்க வேண்டுமே! சுவர் நாலுக்கும் சாம்பல் நிறம். பச்சைச் சுவரானால் பச்சை திரையில் விழுமாம், ரோஸ் சுவரானால் ரோஸ் விழுமாம். வீட்டுக்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "என்ன மைனி, சிமெண்டோட விட்டுட்டிய, பெயிண்ட் அடிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நிறம் சேர்க்கிற நாட்களில் செல்வியக்கா உடுத்துவதும் ஒரே ஒரு சாம்பல் நைட்டிதான். துவைத்துக் காயாத நாளில் வேலையே ஓடாது. மழைக் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் நைட்டியை விரித்துப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள்.

வேலை நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. திரையில் இருப்பவர்களோடு பேச்சுதான். "எம்மா, தலையைத் தூக்கு, முகம் தெரியட்டும்." "மாமா, கேமராவ மறைக்காதிய, நகருங்க அங்கன." "ஏலே மாப்ள, சிரியேன், காசா பணமா?" அடுத்த அறையில் படிக்கும் வேல்விழிக்கு ஆரம்பத்தில் அம்மா போனில் பேசுகிறாள் என்று நினைப்பு. இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. "எம்மா, அந்த மாமா நகந்துட்டாரா?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் செல்வியக்காவுக்கும் ஊருக்கும் ஒத்துவராது. வீடியோ கொடுக்கிற யாராக இருந்தாலும் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று சொல்வார்கள்: "பொண்ணுப் பிள்ளைக்குக் கொஞ்சம் கலர் தூக்கி விட்டிருங்க." பிள்ளை கறுப்பாக இருந்தால் சொல்வார்கள். மாநிறமாக இருந்தாலும் சொல்வார்கள். சிவந்த பிள்ளை வீட்டார்கூடச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், விட்டுவிடுவார்களா! "பாக்கேன்" என்பாள் செல்வியக்கா. பார்க்கவும் செய்வாள். வெளிச்சம் போதாத இடத்தில் வெளிச்சம் கூட்டுவாள், கேமராக்காரன் கெடுத்ததைச் சரி செய்வாள். அந்தப் பிள்ளையின் சொந்த நிறம் எதுவோ அதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு நூல் ஏற்ற மாட்டாள்.

காரணம் இருக்கிறது. இவளுடைய சொந்தக் கல்யாண கேசட்டை யாரோ ஒரு புண்ணியவான் வெளுத்துத் தள்ளியிருந்தான். இவள் நல்ல கறுப்பு. கேசட்டில் அரிசி மாவுக்குக் கண், மூக்கு வைத்த மாதிரி ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். வேல்விழிக்கு நாலு வயது இருக்கும்போது ஒருநாள் அதைப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளை அப்பாவைச் சரியாகக் காட்டியது. பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டது. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். செல்வியக்காவும் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அவ்வளவு ஆசையாக உடுத்தி, பூ வைத்து, உட்கார்ந்த அந்த நாளில் தான் இல்லவே இல்லை என்று இருந்தது அவளுக்கு. அந்த வலி இன்றைக்கும் போகவில்லை. மறு வருடமே எடிட்டிங் படிக்கப் போனாள்.

இப்படிப்பட்டவளின் லேப்டாப் மார்கழி மாதத்தில் கண்ணை மூடிவிட்டது. ஏழு வருடம் உழைத்த யந்திரம். உப்புக்காற்று உள்ளே புகுந்து போர்டையே அரித்துவிட்டது, இனி செலவழிப்பது வீண் என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். தை பிறந்தால் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும். அது போதாதென்று பொன்னுதுரை அண்ணாச்சி வேறு ஒரு குண்டைப் போட்டார்.

பொன்னுதுரை அண்ணாச்சி நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் பெரிய ஸ்டுடியோ அவருடையது. செல்வியக்காவின் வேலையில் பாதிக்கு மேல் அவர் கொடுப்பதுதான். "எம்மா செல்வி, இப்பம் எல்லாரும் அன்னைக்கே எடிட்டு கேக்காவ. காலையில கோயில்ல கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன்ல பெரிய எல்இடி ஸ்கிரீன்ல எட்டு நிமிசப் படம் ஓடணும். மதுரையில ஒரு டீம் செய்யுதானுவ. நீ செய்வியா? தையில முதக் கல்யாணத்தைச் செஞ்சு காட்டு. ஆறரைக்குப் படம் கையில வரணும், வீட்டுக்காரங்க சந்தோசப்படணும். ரெண்டும் நடந்தா இந்த சீசன் இருபது கல்யாணமும் ஒனக்கு. நடக்கலன்னா நான் மதுரைக்காரனத்தான் கூப்பிடணும், தப்பா நினைக்காத" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, தொழில் அப்படி. அவர் போய்விட்டால் வேலை கொடுக்கும் மற்ற மூன்று ஸ்டுடியோக்காரர்களும் பின்னாலேயே போவார்கள் என்பதும் இவளுக்குத் தெரியும். கையில் யந்திரமே இல்லாமல், "செய்யுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடைசியாகச் செய்த கல்யாணங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு, சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு, கிருபாகரன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் சாப்பாட்டோடு போவதை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது. கடையில் விற்பனையைப் பார்ப்பவன் சுடலைக்கண்ணன், முப்பது வயது, கல்யாணமாகி ஒரு குழந்தை. "என்னக்கா, ஒரு மணி நேரத்துல பாத்து எடுத்துரலாம்லா?" என்று கேட்டான். அவள் தூக்கை மேசைக்கு அடியில் வைத்தாள்.

அவளுடைய கைக்கு எட்டுகிற விலையில், அவளுடைய வேலையைத் தாங்குகிற மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று கனத்த உருப்படி. விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது, விசைப்பலகைக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும், விசிறி சுற்றினால் வள்ளத்து இன்ஜின் மாதிரி இரையும். இன்னொன்று மெலிசு. சத்தமே வராது. செல்வியக்கா முதல் அரை மணி நேரத்திலேயே பெயர் வைத்துவிட்டாள்: தடியன், ஒல்லி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அது இருந்திருந்தாலாவது அதைச் சாக்கிட்டு ஒன்றை எடுத்திருக்கலாம்.

இரண்டிலும் ஒரே படத்தை ஏற்றினாள். வெட்டி ஒட்டி நிறம் சேர்த்ததையெல்லாம் யந்திரம் அரைத்து ஒரே படமாகத் தள்ளுவதற்கு ரெண்டர் என்று பெயர். எட்டு நிமிடப் படத்தைத் தடியன் பதினேழு நிமிடத்தில் தள்ளிவிட்டான். ஒல்லிக்கு ஐம்பது நிமிடம் ஆனது. மூன்று முறை ஓட்டினாள், மூன்று முறையும் அதே கணக்கு. "பாத்தியளா! தடியன எடுங்கக்கா, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றான் சுடலைக்கண்ணன். அவள் வைத்த பெயர் அவன் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பொருளா அது! செல்வியக்கா வளையலை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள். தடியனின் திரையில் சிவப்பு வெளிறிக் கிடந்தது. கறுத்த முகங்கள் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டன. ஒல்லியின் திரைக்குப் பக்கத்தில் கை போனதும் அவள் முகமே மாறிவிட்டது. "ஆத்தாடி... ரத்தம் ஓடுதுலே இதுக்குள்ள" என்றாள். கையின் தோலும் திரையில் தெரிந்த தோலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"வீட்டுல நல்ல மானிட்டர் ஒண்ணு வாங்கித் தடியனோட மாட்டிக்கிடுங்க, சோலி முடிஞ்சிது" என்றான் அவன். அவன் சொன்னதில் தப்பில்லை. "வீட்டுல இருந்து செஞ்சா நீ சொல்லுதது சரி. இது மண்டபத்துல வச்சுச் செய்யுத வேலை. பாத்திரம் அடுக்குத அறையில ஒரு ஸ்டூலப் போட்டு இங்கன இருங்கம்பான். அதுல லேப்டாப்ப வச்சா என் முட்டிய வைக்க இடம் இருக்காது. மானிட்டர ஒன் தலையிலயா வைக்க?" என்றாள் செல்வியக்கா.

திரையை நம்பிக் கெட்ட கதை ஒன்று அவளிடம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் சாத்தான்குளம் பக்கம் ஒரு கல்யாணம். பழைய லேப்டாப் மக்கர் செய்ததால், யாரிடமோ இரவல் வாங்கிய ஒன்றில் வைத்து நிறம் சேர்த்தாள். அதன் திரையில் சிவப்பு மங்கலாகத் தெரிந்ததால் கூட்டிக்கொண்டே போனாள். முகூர்த்தப்பட்டு நல்ல அரக்கு நிறம். வீடியோவில் அது தக்காளிப் பழமாக வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். "நாங்க எடுத்துக் குடுத்த பட்டு இது இல்ல, பொண்ணுவீட்டுல மாத்திட்டாவ" என்று மாமியார் எழுந்துவிட்டார். பெண்ணின் சித்தப்பா புடவையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். புடவை கையில் அரக்காக இருக்கிறது, டிவியில் சிவப்பாக இருக்கிறது, எதை நம்புவது? நம் ஊரில் டிவியைத்தான் நம்பினார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் செல்வியக்கா தானே போய், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, "தப்பு என்மேலதான், கண்ணு ஏமாந்து போச்சு" என்று சொல்லி, மறுபடி செய்து கொடுத்தாள். அந்தப் பெண் மூன்று வாரம் மாமியார் வீட்டில் திருடி மாதிரி நின்றிருக்கிறாள். அதை நினைத்தால் செல்வியக்காவுக்கு இப்போதும் சோறு இறங்காது.

அன்று மாலை வரை முடிவாகவில்லை. இரண்டாம் நாளும் தூக்கோடு வந்துவிட்டாள். கடை முதலாளி கிருபாகரன் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "செல்வி, மேசைக்கு வாடகை போடட்டா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மத்தியானம் வேல்விழி போன் செய்தாள். "எம்மா, இன்னும் எடுக்கலையா? எனக்குப் பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு நேரம் இருக்க மாட்டாவ போல." "போனை வைளா" என்றாள் அம்மா.

சாப்பிட்டு முடித்ததும் செல்வியக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. சுடலைக்கண்ணனை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, தன் போன் கேமராவில் ஒரு நிமிடம் படம் பிடித்தாள். அவனும் நல்ல கறுப்பு. களையான முகம், அழகான பல்வரிசை. இரண்டு யந்திரத்திலும் அவனையே ஏற்றி, நிறத்தில் கை வைக்காமல் அப்படியே ஓடவிட்டாள். தடியனில் ஒரு சுடலை வெளிறிப்போய் நின்றான். ஒல்லியில் ஒரு சுடலை, வாசலில் நின்ற அதே சுடலை, கன்னத்தில் வெயிலோடு சிரித்தான். "எது நல்லா இருக்குலே, சொல்லு" என்றாள்.

அவன் இரண்டையும் பார்த்தான். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு தடியனைக் காட்டினான். "இதுலதான்க்கா நான் கொஞ்சம் நல்லாருக்கேன்."

"ஏலே, அது நீ இல்லலே."

"இல்லன்னா என்னக்கா? பாக்கதுக்கு நல்லாருக்குல்லா."

செல்வியக்காவுக்கு அவனைத் திட்ட மனசு வரவில்லை. இருபது கல்யாணத்துக்காரர்களும் இதைத்தான் சொல்லப்போகிறார்கள். வெளுத்தது பிடிக்கும், வேகமாக வந்தது பிடிக்கும். தடியனை எடுத்தால் ஒரே அடியில் எல்லோருக்கும் சந்தோஷம், அண்ணாச்சிக்கும் சந்தோஷம், தனக்கும் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஒல்லியை எடுத்தால் அரை மணி நேரம் நஷ்டம், அந்த அரை மணி நேரத்தில் இருபது கல்யாணமும் போகலாம். எழுந்து போய்க் கடைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே, "ஒல்லியக் கட்டி வை" என்றாள்.

"அப்பம் அந்த அரை மணி நேரம்?"

"அரை மணி நேரத்த நான் எங்கயாவது பிடிச்சிக்கிடுதேன். நிறத்த எங்க போய்ப் பிடிக்க?"

பிடிக்கவும் செய்தாள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். எல்லா எடிட்டர்களும் முதலில் வெட்டி ஒட்டி, கடைசியில் நிறம் சேர்ப்பார்கள். இவள் தலைகீழாக மாற்றினாள். கேமரா கார்டு வர வர முதலில் நிறம், உடனே அந்தத் துண்டை மட்டும் ரெண்டர், பிறகு வெட்டு. ஒரே மூட்டையாகச் சுமக்காமல் கைக்கு அடங்குகிற பொட்டலங்களாகக் கொண்டுபோகிற மாதிரி. இந்த வகையில் செய்தால் கடைசி ரெண்டருக்கு இருபது நிமிடம் போதும், ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தால் ஆறே காலுக்குள் படம் கையில்.

கல்யாண நாள் வந்தது, கிறிஸ்தவக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்டெபின், தூத்துக்குடிப் பையன். பெண் ஜெனிலா, நாசரேத் பக்கம். நல்ல கறுப்புப் பெண், வெள்ளைப் பட்டு, தலையில் வெள்ளை வலை. எடிட்டர்களுக்கு இதைவிடச் சோதனை கிடையாது. முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் பட்டும் வலையும் வெந்துபோய் ஒரே வெள்ளையாகிவிடும். பட்டுக்காகக் குறைத்தால் முகம் இருட்டில் போய்விடும். முந்தின நாளே மாப்பிள்ளையின் அம்மா கிருபை டீச்சர் பொன்னுதுரை அண்ணாச்சியிடம், "மருமக கொஞ்சம் நிறம் கம்மி. பாத்துச் செய்யச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான். அண்ணாச்சி அதை அப்படியே செல்வியக்காவிடம் சொல்லியும் இருந்தார். "பாக்கேன்" என்றாள் இவள்.

சொன்னபடியே பாத்திரம் அடுக்கும் அறை, சொன்னபடியே ஸ்டூல். சாம்பல் நைட்டி போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு வர முடியாதே, அதனால் சாம்பல் நிறத்தில் ஒரு சேலை. "என்ன அக்கா, துக்க வீட்டுக்குப் போற மாதிரி?" என்று சமையல்காரர் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். முதல் கார்டு பதினோரு மணிக்கு வந்தது. கோயிலுக்குள் நடந்து வரும்போது ஜெனிலாவின் வலை பெஞ்சு மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா ஒரு பக்கம் இழுக்க, ஸ்டெபின் ஓடி வந்து குனிந்து எடுத்துவிட, அந்தப் பெண் பாதிரியாருக்கு முன்னாலேயே பல் அத்தனையும் தெரியச் சிரித்துவிட்டாள். பக்கக் கதவு வழியாக வெயில் சரியாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. செல்வியக்கா அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள். "எம்மா, நீ என் ராசாத்திலா" என்றாள் திரையைப் பார்த்து.

நாலு மணிவரை எல்லாம் திட்டப்படி போனது. நாலு மணிக்கு மண்டபத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரை யாரோ தேடிப் போய், யாரோ சாவியைத் தேடிப் போய், திரும்பி வருவதற்கு அரை மணி நேரம். பேட்டரியில் ஓடும்போது ஒல்லி நத்தையாகிவிட்டாள். கடைசி ரெண்டரைப் போடும்போது ஆறு பதினெட்டு. பொன்னுதுரை அண்ணாச்சி வந்து நின்றார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. "எப்பம் முடியும்?" "ஆறு முப்பத்தெட்டு." "எட்டு நிமிசம் லேட்டாகும்லா! மதுரைக்காரன் இந்நேரம் முடிச்சிட்டுக் காப்பி குடிச்சிருப்பான்." இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரி, முகத்துக்கு டீச்சர் சொன்னதச் செஞ்சிட்டியா?" இப்போது இவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல அண்ணாச்சி." மறுபடி செய்ய நேரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கோபமாகத் திரும்பிப் போய்விட்டார். செல்வியக்கா கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ரெண்டர் எவ்வளவு ஆயிற்று என்று காட்டித் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு முப்பத்தொன்பதுக்கு மேடைக்கு வலதுபுறம் இருந்த எல்இடியில் படம் ஓடத் தொடங்கியது. எல்இடிக்காரரிடம் முன்னமே கெஞ்சி நீலத்தைக் குறைக்க வைத்திருந்தாள். ஆனால் கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்ததில் படம் மங்கித்தான் தெரிந்தது. பரிசு கொடுக்க வரிசை நின்றது, பிள்ளைகள் ஓடினார்கள், பாதிப்பேர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. கிருபை டீச்சர், செல்வியக்கா படத்தை ஓட்டிக்கொண்டிருந்த மேசைப் பக்கம் வந்தார். "தம்பி, பிள்ள நல்லா கறுத்துல்லா தெரியுது! எங்க சொந்தக்காரங்கல்லாம் பாக்காவளே" என்றார் பொன்னுதுரை அண்ணாச்சியிடம். அண்ணாச்சி மோவாயைத் தடவிக்கொண்டு செல்வியக்காவைப் பார்த்தார். இருபது கல்யாணமும் அந்தப் பார்வையில் இருந்தன.

"அவ நிறம் அதுதான் டீச்சர். காலையில கோயில்ல அப்படித்தான் இருந்தா. எம்புட்டு அழகா இருந்தா தெரியுமா" என்றாள் செல்வியக்கா.

மேடையில் ஜெனிலா நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் இரண்டு பெண்கள் இரண்டு மணி நேரம் உழைத்து அவள் முகத்தை வேறொரு முகமாக்கியிருந்தார்கள். படம் முடிந்து வெறும் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இன்னும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோடு வந்தவர்கள் காத்து நின்றார்கள். போட்டோக்காரர், "மேடம், இங்க பாருங்க" என்றார். அவள் பார்க்கவில்லை. இதை ஓட்டுவது யாரென்று தேடினாள். மேசைக்குப் பின்னால் சாம்பல் சேலையில் நின்ற செல்வியக்காவைக் கண்டுபிடித்து, மருதாணிக் கையைத் தூக்கி, ஒரு விரலைக் காட்டினாள். இன்னொரு தரம்.

கிருபை டீச்சர் அந்த விரலைப் பார்த்தார். பொன்னுதுரை அண்ணாச்சியும் பார்த்தார். செல்வியக்கா படத்தை முதலிலிருந்து வைத்துவிட்டு, பட்டனில் விரலை வைத்தபடி அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிச் சுவருக்கு நடந்தார். சுவிட்சுகளுக்கு முன்னால் நின்று, ஒரு வரிசை விளக்கை அணைத்தார். பிறகு அடுத்த வரிசையை.